கட்டி என்று நினைத்த வட்டு

1932-ஆம் ஆண்டு. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஓர் இளைஞர் சேர்க்கப்பட்டார். பனிச்சறுக்கில் விழுந்து அடிபட்டதிலிருந்து அவருக்கு இடுப்பில் வலி. அது பின்தொடை வழியாகக் காலில் இறங்கி, பாதம் வரை சுண்டி இழுத்தது. எலும்பியல் மருத்துவர் ஜோசப் பார் எவ்வளவோ வைத்தியம் செய்து பார்த்தும் வலி விடவில்லை. முதுகெலும்புக் குழாய்க்குள் கட்டி ஏதாவது இருக்குமோ என்ற சந்தேகத்தில், நரம்பியல் அறுவை மருத்துவர் வில்லியம் ஜேசன் மிக்ஸ்டரிடம் அவரை அனுப்பினார். மிக்ஸ்டர் முதுகைத் திறந்து, நரம்பு வேரை அழுத்திக்கொண்டிருந்த ஒரு துண்டை வெளியே எடுத்தார். ஆய்வகம் அதற்கு ‘காண்ட்ரோமா’ என்று அறிக்கை கொடுத்தது. அதாவது குருத்தெலும்புக் கட்டி. அந்தக் கால மருத்துவ நூல்களின்படி அது சரியான அறிக்கைதான்.

பாருக்கு அது போதவில்லை. முதுகெலும்பைப் பற்றி ஜெர்மானிய நோயியல் அறிஞர் கியோர்க் ஷ்மோர்ல் எழுதியதை அவர் ஏற்கெனவே படித்திருந்தார். எடுத்த துண்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஆரோக்கியமான ஒரு முதுகெலும்பு வட்டின் திசுவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. பிறகு அவரும் மிக்ஸ்டரும் மருத்துவமனையில் பல ஆண்டுகளாகக் ‘கட்டி’ என்று பெயரிட்டுப் பாதுகாத்து வைத்திருந்த பழைய மாதிரிகளை எடுத்து மறுபடியும் ஆராய்ந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை கட்டியே இல்லை. எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டிய வட்டு கிழிந்து, அதன் உள்ளிருந்த பொருள் பிதுங்கி நரம்பின்மேல் உட்கார்ந்திருந்தது.

இன்று தமிழ்நாட்டில் தெருவுக்கு இருவராவது ‘டிஸ்க் விலகிடுச்சு’, ‘ஜவ்வு பிதுங்கியிருக்கு’ என்று சொல்கிறார்கள். வலிக்குக் காரணம் அந்த வட்டுதான் என்று மருத்துவம் அடையாளம் கண்டு இன்னும் நூறு ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை. அது மிகத் தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்த பின் எல்லா இடுப்பு வலிக்கும் அதன்மேலேயே பழி போட்டுக் கத்தி வைத்தார்கள். அந்த வேகம் தணிந்து, உடம்பு தானாகவே எவ்வளவு சரிசெய்துகொள்கிறது என்று நிதானமாக அளந்து பார்த்தது அதற்கும் பிறகுதான். இந்த மூன்று கட்டங்களையும் தெரிந்துகொண்டவர், இன்று கையில் ஸ்கேன் அறிக்கையோடு நிற்கும்போது அவ்வளவாகக் கலங்க மாட்டார்.

வலி மட்டும் மிகப் பழையது. 1862-இல் லக்ஸர் நகரில் எட்வின் ஸ்மித் என்பவர் வாங்கிய எகிப்தியப் பாப்பிரஸ் சுருளில் 48 நோயாளிகளின் காயங்கள் தலையிலிருந்து கீழ்நோக்கி வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முந்தைய படி அது. கடைசி நோயாளிக்கு முதுகெலும்பில் சுளுக்கு. கால்களை நீட்டி மடக்கச் சொல்; நீட்டியதுமே வலியால் மடக்கிக்கொள்வார் என்று அந்த வைத்தியர் எழுதுகிறார். எழுத்து அந்த இடத்தில் பாதி வாக்கியத்தோடு நின்றுவிடுகிறது. கிரேக்கத்தில் இப்போக்கிரட்டீஸ் மரபினர் முதுகு கோணியவரைப் பலகையில் கட்டி இருபுறமும் இழுத்தார்கள். இந்தியாவில் சரக சம்ஹிதை, பிட்டத்தில் தொடங்கி இடுப்பு, தொடை, முழங்கால், கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை போகும் வாத வலியைத் தனி நோயாகவே விவரித்தது. வலி எந்தப் பாதையில் ஓடுகிறது என்பதை எல்லோரும் துல்லியமாகக் கவனித்திருக்கிறார்கள். அது எங்கிருந்து கிளம்புகிறது என்பது மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை.

இத்தனைக்கும் வட்டின் உருவம் அறியாத ஒன்றல்ல. 1543-இல் வெளியான தம் உடற்கூறு நூலில் வெசாலியஸ் அதை விவரித்துவிட்டார். கழுத்திலிருந்து இடுப்பு வரை எலும்புகளுக்கு இடையே 23 வட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வெளியே அடுக்கடுக்காகப் பின்னிய கெட்டியான நார் வளையம், நடுவில் நுங்குபோல் நீர் நிறைந்த மையம். இளவயதில் அந்த மையத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர்தான். வயது ஏற ஏற நீர் குறைந்து, வளையத்தில் வெடிப்பு விழுகிறது. ஒருநாள் குனிந்து நிமிரும்போதோ தும்மும்போதோ மையப் பொருள் அந்த வெடிப்பு வழியாகப் பின்பக்கம் பிதுங்குகிறது. அங்கேதான் காலுக்குப் போகும் நரம்பு வேர்கள் இறங்குகின்றன. இடுப்பில் இப்படிப் பிதுங்குபவற்றில் மிகப் பெரும்பான்மை கடைசி இரண்டு வட்டுகளில்தான் நிகழ்கிறது. நான்காம், ஐந்தாம் இடுப்பு எலும்புகளுக்கு நடுவில் இருப்பது ஒன்று. ஐந்தாவதற்கும் அதற்குக் கீழுள்ள திருவெலும்புக்கும் நடுவில் இருப்பது இன்னொன்று.

காலில் இறங்கும் வலி நரம்பின் வலி என்று முதலில் தெளிவாகச் சொன்னவர் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரைச் சேர்ந்த டொமெனிகோ கொடுன்யோ. 1764-இல் அவர் இதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டு, இடுப்பு மூட்டின் வலியையும் நரம்பின் வலியையும் பிரித்துக் காட்டினார். அடுத்த முக்கியமான அடியை செர்பியாவின் லாசா லாசரெவிச் எடுத்து வைத்தார். அவர் மருத்துவர் மட்டுமல்ல, அந்நாட்டின் பெயர்பெற்ற சிறுகதை எழுத்தாளரும்கூட. மல்லாந்து படுத்திருப்பவரின் காலை, முழங்கால் மடங்காமல் நீட்டியபடியே தூக்கினால் வலி எகிறுவது நரம்பு இழுபடுவதால்தான் என்று 1880-இல் எழுதினார். பாரிஸ் மருத்துவர் சார்ல் லாசேக்கின் மாணவர் ஃபோர்ஸ்ட் அடுத்த ஆண்டே அதே சோதனையைத் தம் ஆசிரியர் பெயரில் வெளியிட்டார். உலகின் பெரும்பகுதியில் லாசேக் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் ஃபோர்ஸ்ட், தசை நரம்பை நெரிப்பதால் வலிக்கிறது என்று நினைத்தார். காரணத்தைச் சரியாகச் சொன்னவர் லாசரெவிச்.

அந்தச் சோதனை இன்றும் ஒவ்வொரு எலும்பியல் புறநோயாளிப் பிரிவிலும் நாள்தோறும் நடக்கிறது. மருத்துவர் ஒரு கையால் குதிகாலைப் பிடித்து, மறுகையை முழங்கால்மேல் வைத்து மெதுவாக உயர்த்துவார். முப்பது பாகையிலிருந்து எழுபது பாகைக்குள் முழங்காலுக்குக் கீழே மின்சாரம் பாய்வதுபோல் வலி இறங்கினால், நரம்பு வேர் எங்கோ சிக்கியிருக்கிறது என்று கொள்வார். நல்ல காலைத் தூக்கும்போதே மறுகாலில் வலித்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். கட்டை விரலை மேல்நோக்கி மடக்கும் பலம் குறைந்திருந்தால் ஐந்தாம் இடுப்பு நரம்பு. குதிகாலுக்குமேல் சுத்தியலால் தட்டும்போது பாதம் அசையாவிட்டால் முதல் திருவெலும்பு நரம்பு. ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனை எந்த இயந்திரத்துக்கும் இளைத்ததில்லை.

நரம்பைப் புரிந்துகொண்டவர்கள் வட்டைத் தொடும் தூரத்திலேயே சுற்றி வந்தார்கள். 1857-இல் ருடால்ஃப் விர்ஷோவும் அடுத்த ஆண்டு ஹூபர்ட் ஃபொன் லுஷ்காவும் பிணக்கூறாய்வில் பிதுங்கிய வட்டைப் பார்த்தே விட்டார்கள். 1896-இல் சுவிட்சர்லாந்தின் தியோடர் கோஹர், நூறடி உயரத்திலிருந்து விழுந்து இறந்த ஒருவரின் முதுகெலும்பில் வட்டு பின்னால் தள்ளப்பட்டிருந்ததைக் குறித்து வைத்தார். 1908 டிசம்பரில் பெர்லினில் நரம்பியல் மருத்துவர் ஹெர்மன் ஓப்பன்ஹைம் இடம் காட்ட, ஃபெடோர் கிராவுசே ஒரு நோயாளியின் முதுகைத் திறந்து, நரம்புகளை அழுத்திய துண்டை எடுத்தார். வட்டுப் பிதுக்கத்துக்கு வெற்றிகரமாக நடந்த முதல் அறுவை சிகிச்சையாக இன்று அதைச் சொல்கிறார்கள். அதைச் செய்தவர்களோ குருத்தெலும்புக் கட்டி ஒன்றை எடுத்ததாகவே எழுதினார்கள்.

1911-இல் இரண்டு எச்சரிக்கைகள் வந்தன. கிளாஸ்கோவில் கனமான பொருளைத் தூக்கிய ஒரு தொழிலாளிக்கு இடுப்பில் ‘படக்’ என்று ஒரு சத்தம். இரு கால்களும் செயலிழந்தன. பதினாறு நாளில் அவர் இறந்தார். உடலைப் பரிசோதித்த மிடில்டனும் டீச்சரும், வட்டின் துண்டே தண்டுவடத்தை நசுக்கியதைக் கண்டார்கள். அதே ஆண்டு பாஸ்டனில் ஜோயல் கோல்ட்வெய்ட், இடுப்பு வலிக்கும் கால் வலிக்கும் கால் செயலிழப்புக்கும் வட்டு நகர்வதே காரணமாக இருக்கலாம் என்று கட்டுரை எழுதினார். 1929-இல் பால்டிமோரின் வால்ட்டர் டான்டி, வட்டிலிருந்து கழன்ற குருத்தெலும்புத் துண்டுகள் கட்டிபோல் நடிக்கின்றன என்று இரண்டு நோயாளிகளைக் காட்டினார். ஒருவர் எழுதியதை மற்றவர் சேர்த்துப் பார்க்கவில்லை. உடற்கூறாய்வாளர் வட்டைப் பார்த்தார், நரம்பியல் மருத்துவர் காலைப் பார்த்தார், அறுவை மருத்துவர் கட்டியைத் தேடினார். காலில் வலி சொன்ன நோயாளியின் இடுப்பு வட்டை நினைத்துப் பார்க்க மூவரும் ஒரே மேசைக்கு வரவேண்டியிருந்தது.

அந்த மேசைக்கு வேண்டிய சான்றுகளைச் சேர்த்தவர் டிரெஸ்டனில் இருந்த ஷ்மோர்ல். பிணக்கூறாய்வுக்கு வந்த உடல்களிலிருந்து ஆயிரக்கணக்கான முதுகெலும்புகளை அறுத்துப் பார்த்து, வட்டு எப்படியெல்லாம் கிழிகிறது, எங்கெல்லாம் பிதுங்குகிறது என்று பதிவு செய்தார். அந்த வேலையே அவர் உயிரையும் வாங்கியது. கூறாய்வின்போது விரலில் பட்ட காயம் சீழ்ப்பிடித்து, 1932-இல் அவர் இறந்தார். அதே ஆண்டுதான் பார் தம் நோயாளியின் திசுவை ஷ்மோர்லின் விவரிப்போடு பொருத்திப் பார்த்தார். எலும்பியல் மருத்துவர் ஒருவரும் நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரும் நோயியல் ஆய்வகத்தில் சேர்ந்து உட்கார்ந்ததில் பல தலைமுறைகளாகக் கிடந்த முடிச்சு அவிழ்ந்தது. 19 நோயாளிகளின் விவரத்தோடு அவர்கள் எழுதிய கட்டுரை 1934 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்தது.

அதன்பிறகு வேகம் யாராலும் கட்டுப்படுத்த முடியாததாகிவிட்டது.

மிக்ஸ்டர் காலத்தில் வட்டைத் தொட, முள்ளெலும்பின் பின்வளைவை அகலமாக வெட்டி எடுத்து, நரம்புகளை மூடிய உறையையும் திறக்க வேண்டியிருந்தது. மேயோ கிளினிக்கின் கிராஃப்டன் லவ், எலும்புகளுக்கு நடுவிலுள்ள சிறு இடைவெளி வழியாகவே, உறையைத் திறக்காமல் வட்டை எடுக்கும் வழியைக் கொண்டுவந்தார். 1938-இலேயே அவரும் வால்ஷும் 100 நோயாளிகளைப் பற்றி எழுதிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இது அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகளில் வாடிக்கையான அறுவை சிகிச்சை. சுதந்திரத்துக்குப் பின் இந்தியாவுக்கும் இத்துறை வந்து சேர்ந்தது. நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார்.

அந்த வேகத்தில் யாருக்கு வெட்ட வேண்டும், யாருக்கு வேண்டாம் என்ற கேள்வி பின்னுக்குப் போனது. இதற்கு உலகறிந்த உதாரணம் ஜான் எஃப். கென்னடி. 1943-இல் பசிபிக் கடலில் அவர் தலைமையேற்ற பி.டி.-109 படகை ஜப்பானியப் போர்க்கப்பல் மோதி உடைத்தது. முன்பே இருந்த முதுகு வலி அதன்பின் மோசமானது. 1944 ஜூனில் அவருக்கு வட்டு அறுவை சிகிச்சை நடந்தது. திறந்து பார்த்தபோது வட்டுத் திசு மென்மையாகியிருந்ததே தவிர, பெரிதாக எதுவும் பிதுங்கியிருக்கவில்லை. வலியும் தீரவில்லை. 1954-இல் நியூயார்க்கில் எலும்புகளை உலோகத் தகட்டால் இணைத்தார்கள். சிறுநீர்ப் பாதையில் தொற்று ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகி, பாதிரியார் வந்து இறுதிச் சடங்கு செய்யும் அளவுக்குப் போனது. அடுத்த ஆண்டு தகட்டை எடுக்க இன்னொரு அறுவை, 1957-இல் சீழ்க்கட்டியை வடிக்க மற்றொன்று. நான்கு அறுவைகளால் கிடைக்காத ஆறுதல், வெள்ளை மாளிகைக் காலத்தில் ஹான்ஸ் கிராவுஸ் என்ற மருத்துவர் கற்றுக்கொடுத்த முறையான உடற்பயிற்சியால் ஓரளவு கிடைத்தது.

பார்க்கும் கருவிகளும் அந்நாளில் துன்பம் தருபவையாகவே இருந்தன. 1920-களின் தொடக்கத்தில் பாரிஸில் சிக்கார்டும் ஃபொரெஸ்தியேவும், லிப்பியோடால் என்ற அயோடின் கலந்த எண்ணெயைத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள வெளியில் செலுத்தி எக்ஸ்-ரே எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். எண்ணெய் தங்கி நின்ற இடத்தில் நரம்பின் நிழல் தெரியும். அந்த எண்ணெயும், 1940-களில் அதன் இடத்துக்கு வந்த பான்டோபேக்கும் உள்ளேயே தங்கிவிட்டால் நரம்பு உறையில் அழற்சி உண்டாகும். நோயைப் பார்ப்பதற்காகச் செய்த சோதனையே சிலருக்கு வாழ்நாள் வலியைத் தந்தது. ஸ்கேன் வந்த பின்தான் இந்தச் சித்திரவதை ஒழிந்தது.

கத்தியைத் தவிர்க்கும் ஆசையும் கூடவே வளர்ந்தது. அதற்கு வழிகாட்டியது பப்பாளிப் பால். 1950-களின் நடுவில் நியூயார்க்கில் லூயிஸ் தாமஸ், பப்பாளியிலிருந்து எடுக்கும் பப்பெயின் என்சைமை முயல்களின் இரத்தத்தில் செலுத்தினார். சில மணி நேரத்தில் விறைத்து நின்ற காதுகள் தொய்ந்து தொங்கின; சில நாளில் பழையபடி நிமிர்ந்தன. காதின் குருத்தெலும்பை என்சைம் தற்காலிகமாகக் கரைத்திருந்தது. இலினாய் மாநிலத்தின் லைமன் ஸ்மித், இதே வகையைச் சேர்ந்த கைமோபப்பெயினை நேரடியாக வட்டுக்குள் ஊசியால் செலுத்தினால் பிதுங்கிய மையம் கரையாதா என்று யோசித்தார். மனிதர்களில் அவர் செய்த சோதனை 1964-இல் வெளிவந்தது. 1982-இல் அமெரிக்க மருந்துத் துறை அதற்கு அனுமதி கொடுத்தது, ஆயிரக்கணக்கானோர் போட்டுக்கொண்டார்கள். பலருக்குக் குணம் கிடைத்தது. சிலருக்கோ பப்பாளிப் புரதம் உயிரை வாங்கும் ஒவ்வாமையைக் கிளப்பியது. அரிதாகச் சிலருக்குத் தண்டுவடமே பாதிக்கப்பட்டது. மெல்ல மெல்லக் கைவிடப்பட்டு, 2003-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அந்த மருந்து மறைந்தது.

நிலைத்தது நுண்ணோக்கி. 1977-இல் சூரிச்சின் காசி யாசர்கிலும் ஜெர்மனியின் வோல்ஃப்ஹார்ட் காஸ்பரும், அறுவை நுண்ணோக்கியின் வெளிச்சத்தில் சிறு கீறல் வழியாகப் பிதுங்கிய துண்டை மட்டும் எடுக்கும் முறையைத் தனித்தனியே வெளியிட்டார்கள். இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் ‘மைக்ரோ டிஸ்கெக்டமி’ என்று சொல்வது அதைத்தான். தசையை அதிகம் கிழிக்காததால் நோயாளி மறுநாளே எழுந்து நடக்கிறார்.

எப்படி வெட்டுவது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. வெட்டத்தான் வேண்டுமா என்ற கேள்வியை எண்களோடு முதலில் எதிர்கொண்டவர் ஆஸ்லோவின் ஹென்ரிக் வெபர். அறுவை கட்டாயம் என்றும் சொல்ல முடியாத, தேவையில்லை என்றும் சொல்ல முடியாத 126 நோயாளிகளைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்தார். பாதிப் பேருக்கு அறுவை. மீதிப் பேருக்கு மருந்து, ஓய்வு, பயிற்சி. பத்து ஆண்டு விடாமல் தொடர்ந்து பார்த்து 1983-இல் முடிவை வெளியிட்டார். ஓராண்டு முடிவில் அறுவை செய்துகொண்டவர்கள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். நான்காம் ஆண்டில் வித்தியாசம் குறைந்தது. பத்தாம் ஆண்டில் இரு பக்கமும் ஒரே நிலை. 2007-இல் நெதர்லாந்தில் 283 பேரை வைத்து நடந்த ஆய்வும் இதையே உறுதி செய்தது: சீக்கிரமே அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது, ஓராண்டில் இரு குழுவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருக்கச் சொன்ன குழுவில் 39 சதவீதம் பேர் வலி தாங்காமல் பின்னர் அறுவைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அறுவை கொடுப்பது விரைவான நிவாரணம். அந்த விரைவு யாருக்குத் தேவை என்பதை நோயாளியின் வலியும் வேலையும் குடும்பச் சூழலும்தான் தீர்மானிக்கின்றன.

அடுத்த அதிர்ச்சி எம்.ஆர்.ஐ. தந்தது. முதுகு வலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்து, 1994-இல் அமெரிக்காவில் ஜென்சனின் குழு வெளியிட்டது. அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஒரு வட்டாவது புடைத்திருந்தது. 27 சதவீதம் பேருக்குப் பிதுங்கியே இருந்தது. எல்லா வட்டும் சீராக இருந்தவர்கள் 36 சதவீதம் மட்டுமே. படத்தில் பிதுக்கம் தெரிவதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவு கட்ட முடியாது. லாசரெவிச் கால்தூக்கும் சோதனையில் கண்ட வலி, மரத்துப்போன தோல் பகுதி, பலம் குறைந்த தசை ஆகிய மூன்றும் படத்தில் தெரியும் இடத்தோடு பொருந்தினால்தான் அந்தப் படத்துக்கு மதிப்பு.

அழுத்தம் மட்டுமே வலி தருவதில்லை என்பதும் இதற்குள் தெரிந்திருந்தது. 1958-இல் பிரிட்டனில் ஸ்மித்தும் ரைட்டும், வட்டு அறுவையின்போது நரம்பு வேரைச் சுற்றி மெல்லிய நைலான் நூலைக் கட்டி, அதன் நுனியைத் தோலுக்கு வெளியே விட்டார்கள். சில வாரங்கள் கழித்து, விழித்திருக்கும் நோயாளியின் நூலை மெதுவாக இழுத்தார்கள். முன்பு வட்டு அழுத்தியிருந்த நரம்பைத் தொட்டாலே பழைய கால் வலி அப்படியே திரும்பி வந்தது. பாதிக்கப்படாத நரம்பை அதேபோல் இழுத்தபோது அந்த வலி வரவில்லை. ஏற்கெனவே புண்பட்டு அழன்ற நரம்புதான் வலிக்கிறது. 1993-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ஓல்மார்க்கர் குழு, பன்றியின் நரம்பு வேர்மேல் வட்டு மையப் பொருளை எந்த அழுத்தமும் இல்லாமல் வெறுமனே வைத்தது. அதற்கே நரம்பின் கடத்துதிறன் குறைந்தது. வட்டுப் பொருளில் உள்ள வேதிப்பொருள்களே நரம்பை எரிச்சலூட்டுகின்றன. நரம்பைச் சுற்றி ஸ்டீராய்டு ஊசி போடுவதன் நோக்கம் இந்த அழற்சியைத் தணிப்பதுதான்.

அதே அழற்சி ஒரு நன்மையையும் செய்கிறது. வட்டுக்கு வெளியே வந்து விழுந்த துண்டை உடம்பு அந்நியப் பொருளாகக் கண்டுகொண்டு, வெள்ளணு வகை உயிரணுக்களை அனுப்பி மெல்லத் தின்று தீர்க்கிறது. 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முழுதாகக் கழன்று விழுந்த துண்டுகளில் 96 சதவீதமும், வளையத்தைக் கிழித்து வெளியே நீண்டவற்றில் 70 சதவீதமும் தாமாகவே சுருங்கியிருந்தன. வெறுமனே புடைத்தவற்றிலோ 13 சதவீதம்தான். அறிக்கையில் ‘பெரிய துண்டு கழன்றிருக்கிறது’ என்று படித்துக் கலங்குகிறவர்கள் இந்த எண்களை நினைவில் வைக்கலாம். பயமுறுத்தும் படமே பல நேரம் கரைந்துபோகும் படமும்கூட.

படுக்கை ஓய்வும் எண்களால் அளந்து பார்க்கும் சோதனைக்குத் தப்பவில்லை. கட்டிலுக்கு அடியில் பலகை போட்டு, வாரக்கணக்கில் அசையாமல் படுத்திருக்கச் சொல்வதே பல தலைமுறைகளுக்கு முதல் வைத்தியம். 1999-இல் நெதர்லாந்தில் கால் வலியுள்ள 183 பேரில் பாதிப் பேரை இரண்டு வாரம் படுக்கச் சொல்லி, மீதிப் பேரை முடிந்தவரை நடமாடச் சொன்னார்கள். பன்னிரண்டு வாரம் கழித்து இரு குழுவிலும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். படுத்ததால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. அதனால்தான் இன்று மருத்துவர்கள், வலி உச்சத்தில் இருக்கும் ஓரிரு நாள் போக மெல்ல நடமாடச் சொல்கிறார்கள்.

எந்த நிலையில் வட்டின்மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்பதையும் அளந்தாயிற்று. 1960-களில் ஸ்வீடனின் ஆல்ஃப் நாகெம்சன், உயிருள்ள மனிதர்களின் வட்டுக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி அழுத்தத்தைக் கண்டறிந்தார். 1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே குழு புதிய கருவியால் அதை மறுபடி செய்தது. 45 வயதுத் தன்னார்வலர் ஒருவர் இதற்கு முன்வந்தார். மல்லாந்து படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல். நிற்கும்போது 0.5. முதுகை வளைத்துக் குனிந்து 20 கிலோ தூக்கியபோது 2.3, முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7, அதே பாரத்தை உடம்போடு அணைத்துப் பிடித்தபோது 1.1. இரவு ஏழு மணி நேர உறக்கத்தில் வட்டு நீரை உறிஞ்சி, அழுத்தம் 0.1-இலிருந்து 0.24-ஆக ஏறியது. காலையில் எழுந்த கையோடு குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்காதீர்கள் என்று பிசியோதெரபிஸ்டுகள் சொல்வதன் பின்னணி இதுதான்.

பாரம் தூக்குவது மட்டுமே காரணம் என்ற நம்பிக்கையும் தளர்ந்துவிட்டது. 1995-இல் பின்லாந்தில் ஒரே கருவில் பிறந்த 115 ஜோடி இரட்டையரை ஆராய்ந்தார்கள். ஒருவர் உட்கார்ந்து வேலை பார்ப்பவர், இன்னொருவர் உடலுழைப்பாளி என்று இருந்தாலும் இருவரின் வட்டுகளும் ஏறக்குறைய ஒரேபோல் தேய்ந்திருந்தன. பரம்பரையின் பங்கு, செய்த வேலையின் பங்கைவிடப் பெரியது.

இந்த ஆய்வு வரிசையில் கோயம்புத்தூருக்கும் இடமுண்டு. வட்டுக்குள் இரத்தக் குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்புத் தட்டுகள் வழியாக ஊட்டம் கசிந்து வர வேண்டும். கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் குழு, மாறுபடு திரவத்தைச் செலுத்தி 24 மணி நேரம் வரை தொடர்ந்து எம்.ஆர்.ஐ. எடுத்து, அந்த ஊட்டம் எவ்வளவு மெதுவாக உள்ளே சேர்கிறது என்று காட்டியது. எலும்புத் தட்டு கெட்டால் வட்டு பட்டினியில் சிதைகிறது. இடுப்பு முதுகெலும்பு ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் பரிசு 2004-இல் அதற்குக் கிடைத்தது. 2013-இல் அதே குழு 181 நோயாளிகளை ஆராய்ந்து மறுபடியும் அந்தப் பரிசைப் பெற்றது. நார் வளையம் கிழிவதே பிதுக்கத்தின் தொடக்கம் என்று நூல்கள் சொல்லிவந்தன. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளிடம் வளையம் எலும்புத் தட்டோடு சேரும் விளிம்பே பெயர்ந்திருந்ததை அவர்கள் காட்டினார்கள்.

இவ்வளவும் தெரிந்த பின் இன்றைய நடைமுறை தெளிவாக இருக்கிறது. கால் வலியோடு வரும் பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வலி மருந்து, நடமாட்டம், பிசியோதெரபி போதும். அதற்குப் பின்னும் வலி வாழ்க்கையை முடக்கினால், சோதனையும் படமும் ஒத்துப்போனால், மைக்ரோ டிஸ்கெக்டமி நல்ல பலன் தரும். பாதத்தைத் தூக்கும் பலம் நாளுக்கு நாள் குறைந்தால் பன்னிரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே கசிந்தாலோ, மலம் கட்டுக்குள் நிற்காவிட்டாலோ, பிறப்புறுப்பும் ஆசனவாயும் உள்ள பகுதி மரத்துப்போனாலோ, எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், நாளை பார்ப்போம் என்று தள்ளாமல் அன்றே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடி முதுகின் நரம்புக் கற்றை முழுவதும் நசுங்குவதன் அறிகுறி அது. தாமதித்தால் இழந்தது திரும்பாமலே போகலாம்.

மற்றவர்கள் அறுவைக்குச் சம்மதக் கையெழுத்துப் போடும் முன் மருத்துவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: ‘டாக்டர், ஸ்கேனில் தெரியும் இடமும் என் காலில் வலிக்கும் இடமும் ஒத்துப்போகிறதா?’ நல்ல மருத்துவர் உங்கள் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டே பதில் சொல்வார்.